பழைய கார்: நியாயமான விலை எது? எந்தப் பழுதைப் பார்க்கலாம்?

எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ நடத்திக்கொண்டிருந்தேன். தேய்மானக் கணக்கு. ஓர் இயந்திரத்தின் விலை ஆண்டுதோறும் 10 சதவீதம் குறைந்தால் மூன்று ஆண்டுகள் கழித்து அதன் மதிப்பு என்ன என்பது போன்ற கணக்குதான். சூத்திரத்தை எழுதி, விடையையும் கண்டுபிடித்து முடித்தபோது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“சார், எங்க மாமா ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு ஒரு பழைய கார் வாங்குனாரு. இப்ப அதை ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் கேக்காங்களாம். கணக்குப்படி குறையணும்ல சார்? எப்படிக் கூடுச்சு?”

அந்த மாணவனின் பெற்றோர் இருவரும் பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்பவர்கள். மாமா, ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநர். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல்தான் என் முதல் காரில் நானும் கணிசமான பணத்தை இழந்திருந்தேன். “விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லி அன்றைய பாடத்தை முடித்தேன்.

நம் மாவட்டத்தில் வெம்பக்கோட்டை, நரிக்குடி, திருச்சுழி பக்கத்துப் பள்ளிகள் பலவற்றுக்கு நேரத்துக்குப் பேருந்து கிடைப்பது அரிது. மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு காரில் போய் வருவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கார் பெரும்பாலும் பழைய கார்தான். ஓராண்டுச் சேமிப்போ, சேமநல நிதியில் எடுத்த முன்பணமோ அதில் போகிறது. அதனால் நான் பட்டும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன். இதில் பாதி, வகுப்பறைக்கும் உதவும்.

புத்தகக் கணக்கும் சந்தைக் கணக்கும்

காரின் மதிப்பு எப்படிக் குறைகிறது என்பதற்கு நம் நாட்டில் எல்லோரும் ஏற்கும் ஓர் அட்டவணை உண்டு. இன்சூரன்ஸ் பாலிசியில் ‘ஐ.டி.வி.’ என்று ஒரு தொகை இருக்கும். வண்டி திருடுபோனாலோ முழுதும் சேதமானாலோ நிறுவனம் தரும் உச்சத் தொகை அது. அதற்கான தேய்மானம் இப்படி: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. ஐந்தாண்டைத் தாண்டினால் அட்டவணை இல்லை. நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நம் பாடப்புத்தகச் சூத்திரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 6 லட்ச ரூபாய் கார், ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் என்றால் ஐந்தாண்டு முடிவில் சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம். அட்டவணைப்படி 3 லட்சம். சூத்திரம் வளைகோடாக இறங்குகிறது; அட்டவணை இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக நேர்கோட்டில் இறங்குகிறது. இரண்டையும் வரைபடத்தாளில் வரையச் சொன்னால் மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டியது ஒன்று. தேய்மானத்தை எதிலிருந்து கழிக்கிறார்கள்? விற்பவர் அன்று கொடுத்த விலையிலிருந்து அல்ல. அதே மாடலுக்கு நிறுவனம் இன்று வைத்திருக்கும் பட்டியல் விலையிலிருந்து. பதிவுச் செலவும் சாலை வரியும் அதில் சேராது. “நான் ஆன்ரோடு எட்டு லட்சம் கொடுத்தேன் சார்” என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அவருடைய கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீதமும் அதன் மேல் கூடுதல் தீர்வையும் இருந்தன. புதிய காரின் விலை இறங்கினால் அதை ஒட்டிப் பழைய காரின் விலையும் இறங்கத்தான் வேண்டும். ஆகவே முதல் விதி: இன்றைய புதுக்கார் விலையிலிருந்து தொடங்குங்கள்.

நியாய விலையை எப்படிக் கணிப்பது?

ஐந்து வயதைத் தாண்டிய காருக்குச் சந்தைதான் அளவுகோல். எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் கார் வாங்கியபோது நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

விற்பவர் 2,75,000 ரூபாய் சொன்னார். அதே மாடல், அதே ஆண்டு, அதே எரிபொருள் கொண்ட ஒன்பது கார்களின் விலையை விருதுநகர், மதுரை, கோவில்பட்டி என மூன்று ஊர்களில் விசாரித்து எழுதினோம். ஒன்பதையும் ஏறுவரிசையில் அடுக்கி ஐந்தாவதை எடுத்தோம். இடைநிலை அளவு 2,60,000. கூட்டுச் சராசரி எடுக்கவில்லை. ஒருவர் பேராசையில் 4 லட்சம் சொல்லியிருந்தால் சராசரி முழுவதும் மேலே போய்விடும். இடைநிலை அளவு அசையாது.

அடுத்து, வாங்கிய மாதமே செய்தாக வேண்டிய செலவுகளைக் கழித்தோம். நான்கு டயருக்கு 16,000, பாட்டரிக்கு 5,000, கிளட்ச் வேலைக்கு 10,000, ஆயில் மாற்றிச் சர்வீஸ் செய்ய 4,000. மொத்தம் 35,000. நியாய விலை 2,25,000. தாளில் எழுதிய கணக்கை விற்பவரிடம் காட்டினோம். அவர் முகம் சுளித்தாலும், டயரைக் குனிந்து பார்த்துவிட்டு மறுக்கவில்லை. 2,30,000 ரூபாய்க்கு முடிந்தது. “குறைத்துக் கொடுங்கள்” என்று கெஞ்சுவதைவிட, ஏன் குறைக்கிறோம் என்று காட்டும் கணக்கு நன்றாகவே பேசுகிறது.

பருவமும் ஒரு காரணி. தீபாவளிக்கு முன் போனஸ் பணம் புழங்கும்போது சிவகாசிப் பக்கம் விலை விறைப்பாக இருக்கும். பண்டிகை முடிந்து, ஆலைகள் மீண்டும் பூஜை போட்டுத் திறக்கும்வரை உள்ள வாரங்களில் விற்பவர்கள் இறங்கி வருவார்கள் என்பது என் அனுபவம்.

விற்பவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது

பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதியவருக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கப் பேச்சு வழக்கில் ‘எலுமிச்சை’ என்றால் வாங்கிய பிறகு பல்லைக் காட்டும் கார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே அந்தக் கட்டுரை அச்சேறியது. 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவர் சொன்னது எளிமையானது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் பயந்து எல்லாக் காருக்கும் நடுத்தர விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல காரின் உரிமையாளர் விற்க மாட்டார், ஒதுங்கிவிடுவார். சந்தையில் மிஞ்சுவது மோசமான கார்களாக இருக்கும். மேல்நிலை வகுப்பில் பொருளியல் நடத்துபவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். மிகவும் மலிவாக ஒரு கார் கிடைத்தால் மகிழ்வதற்கு முன் ஏன் என்று கேட்க வேண்டும். நல்ல பராமரிப்புப் பதிவேடு உள்ள காருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. அங்கே நாம் விலை கொடுப்பது தகவலுக்கு.

கண்ணால் பார்த்து அறியக்கூடியவை

மெக்கானிக்கை அழைத்துப் போவதற்கு முன் நாமே சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. இது மீட்டரையும் சோதிக்க உதவும். மீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் நான்கு டயரும் காரைவிட நான்கு வயது இளையவை, பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரைத் திருப்பி வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

அறிவியல் ஆய்வகத்துக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கதவு, பானெட் போன்ற இரும்புத் தகட்டில் அது ஒட்டும். பட்டி பூசி டிங்கரிங் செய்த இடத்தில் ஒட்டாது. அல்லது தளர்வாக ஒட்டும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே சோதிக்க வேண்டாம்.

நாம் போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினின் குறையை மறைக்க ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை அடர்த்தியாக, நிற்காமல் வந்தால் கூலன்ட் எஞ்சினுக்குள் கசிகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் போல வெளுத்த பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் தனி ஆபத்து. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மீண்டும் சென்னை. அதே மாதம் 17, 18 தேதிகளில் நமக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நீரில் நின்ற காரைக் கழுவிப் பளபளப்பாக்கிவிடலாம்; மின்கம்பிகளுக்குள் புகுந்த ஈரத்தை எடுக்க முடியாது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரியும். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கையின் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த அடையாளங்கள் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம்.

காகிதங்களும் விலையில் சேரும்

ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர், வங்கியின் பெயர் இருக்கிறதா, சேசிஸ் எண் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வங்கிக் கடன் முடிந்தும் பெயர் நீக்கப்படவில்லை என்றால் படிவம் 35-உடன் வங்கியின் தடையின்மைச் சான்று வாங்கித் தரும்வரை முழுப் பணமும் கொடுக்கக் கூடாது. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால் அடிப்படை விவரங்கள் தெரியும்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 என்று சலுகைச் சதவீதம் ஏறிக்கொண்டே போகும். 50 இருந்தால் அந்த உரிமையாளர் குறைந்தது ஐந்தாண்டுகள் கிளெய்ம் கேட்கவில்லை. “விபத்தே இல்லாத வண்டி” என்று சொல்லிவிட்டுப் பாலிசியில் பூஜ்யம் இருந்தால் காரணம் கேளுங்கள். அந்தச் சலுகை உரிமையாளருக்கு உரியது. காரோடு நமக்கு வராது.

வெளிமாநிலப் பதிவுள்ள கார் மலிவாகக் கிடைத்தால், இங்கே மறுபதிவுக்கும் வாழ்நாள் வரிக்கும் ஆகும் தொகையைக் கூட்டிப் பாருங்கள். 15 வயதை நெருங்கும் காருக்கு ஆர்.சி. புதுப்பித்தல் செலவு காத்திருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். பசுமை வரியும், தகுதிச்சான்று பெற வண்டியைத் தயார்செய்யும் செலவும் தனி.

விற்பவராக இருந்தாலும் எச்சரிக்கை தேவை. படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெயர் மாறியதா என்று பார்க்காமல் விடுபவர்கள் நம்மில் பலர். மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கார் பல கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்று நமக்கே உரியது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973-இன் 7-ஆவது விதிப்படி, அரசு குறிப்பிட்ட மதிப்புக்கு மேலான அசையும் சொத்தை வாங்கினாலும் விற்றாலும் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய கார்தானே என்று விட்டுவிடாமல் அலுவலகத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

பழுது பார்ப்பதா, விற்பதா?

என் முதல் காரில் ஒன்றரை ஆண்டில் ஏ.சி.க்கு 14,000, ரேடியேட்டருக்கு 6,000, சஸ்பென்ஷனுக்கு 12,000, பெயிண்டிங்குக்கு 20,000 செலவழித்தேன். ஒவ்வொரு முறையும் “இவ்வளவு போட்டாச்சு, இதையும் போட்டுவிடுவோம்” என்பதே என் நியாயம். 52,000 ரூபாய் போன பிறகு எஞ்சின் வேலை வந்தது. போட்ட பணம் போட்டதுதான். விற்றாலும் வராது, வைத்திருந்தாலும் வராது. முடிவெடுக்கும்போது அந்த எண்ணைத் தாளில் எழுதவே கூடாது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். பெயிண்டிங் செய்த அதே மாதம், “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று டயரைத் தள்ளிப்போட்டேன். ஏப்ரல் வெயிலில், விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நான்குவழிச் சாலையில் பின் டயர் வெடித்தது. வண்டியில் என்னோடு மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். வேகம் குறைவு, பின்னால் லாரி எதுவும் வரவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. ஓரமாக நின்றபோதுதான் அந்த நான்கு இலக்க எண்ணை முதல்முறையாகப் படித்தேன். டயருக்கு எட்டு வயது ஆகியிருந்தது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற பெயிண்டுக்குப் பணம் இருந்தது. நான்கு உயிரைத் தாங்குகிற ரப்பருக்கு இல்லை.

அன்றிலிருந்து பழுதை மூன்றாகப் பிரிக்கிறேன். முதலாவது: டயர், பிரேக், ஸ்டீயரிங். இதில் லாப நட்டக் கணக்கே கிடையாது. செய்ய முடியவில்லை என்றால் காரை எடுக்கக் கூடாது. இரண்டாவது: சேசிஸில் துரு, பெரிய விபத்தில் வளைந்த உடல், வெள்ளத்தில் மூழ்கியது. இவற்றில் பணம் போடக் கூடாது. மூன்றாவது: எஞ்சின், கியர்பாக்ஸ், ஏ.சி. கம்ப்ரஸர். இங்கேதான் கணக்குப் போட வேண்டும்.

இரண்டாவது காருக்குப் பதினோரு வயது ஆனபோது எஞ்சினை இறக்கி வேலை பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக் அண்ணாச்சி. செலவு 45,000. அப்படியே விற்றால் 70,000 கிடைக்கும். வேறு கார் வாங்க 3,20,000 தேவை. மாதச் செலவாக மாற்றிப் பார்த்தேன்.

பழுது பார்த்து மூன்றாண்டு ஓட்டினால்: விற்காமல் விட்ட 70,000, பழுதுக்கு 45,000, மூன்றாண்டுச் சில்லறை வேலைக்கு 30,000. மொத்தம் 1,45,000. பிறகு 50,000-க்கு விற்கலாம். நிகரச் செலவு 95,000. மாதம் சுமார் 2,640.

வேறு கார் வாங்கினால்: விலை 3,20,000, பெயர் மாற்றத்துக்கும் முதல் சர்வீஸுக்கும் 20,000, சில்லறை வேலைக்கு 15,000. மொத்தம் 3,55,000. மூன்றாண்டு கழித்து 2,00,000-க்கு விற்கலாம். நிகரச் செலவு 1,55,000. மாதம் சுமார் 4,300. கடன் வாங்கினால் வட்டி தனி.

பழுது பார்ப்பதே லாபம் என்று தெரிகிறது. ஆனால் அதே எஞ்சின் ஓராண்டில் மறுபடி படுத்துவிட்டால்? 1,15,000-உடன் சில்லறை வேலை 10,000 கூட்டி, விற்ற 50,000-ஐக் கழித்தால் 75,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,250. விடை தலைகீழாகிவிட்டது. எனவே “எவ்வளவு ஆகும்?” என்பதைவிட “எத்தனை மாதம் ஓடும்?” என்பதே முக்கியமான கேள்வி. அண்ணாச்சியிடம் அதையே கேட்டேன்.

“எஞ்சினுக்கு நான் பொறுப்பு சார். பாடியில துரு இல்ல, கியர்பாக்ஸ் நல்லா இருக்கு. மூணு வருசம் தாராளமா ஓடும். துரு இருந்திருந்தா நானே விக்கச் சொல்லிருப்பேன்.”

வேறொரு மெக்கானிக்கிடமும் காட்டிவிட்டு வேலையைக் கொடுத்தேன். கார் மூன்றாண்டும் ஓடியது. 15 வயதுக்கு முன்பே விற்றதால் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவும் இல்லை.

பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டில் அந்தக் காரை முழு இழப்பாகக் கொள்வார்கள். “காரின் மதிப்பில் பாதிக்கு மேல் செலவு வந்தால் விட்டுவிடு” என்று நண்பர்களும் சொல்வார்கள். அவை குத்துமதிப்புக்கு உதவும். நம் வீட்டுக் கணக்கை மாதச் செலவாகப் போட்டுப் பார்ப்பதே தெளிவு.

மீண்டும் வகுப்பறை

மறு வாரம் அந்த மாணவனிடம், “மாமா வாங்கிய பிறகு காருக்கு என்னென்ன செய்தார் என்று கேட்டு எழுதி வா” என்றேன். ஹெட் கேஸ்கெட்டும் அது தொடர்பான வேலையும் 14,000, நான்கு டயர் 14,000 என்று எழுதி வந்தான். கரும்பலகையில் அவனையே கணக்குப் போடச் சொன்னேன். 1,60,000-உடன் 28,000 கூட்டினால் 1,88,000. இப்போது கேட்பது 1,80,000.

சற்று நேரம் பலகையையே பார்த்துவிட்டுத் திரும்பினான். “குறையத்தான் செஞ்சிருக்கு சார். எட்டாயிரம்.”

“ரெண்டு வருசத்துக்கு எட்டாயிரம்தான். உங்க மாமா நல்லா வாங்கியிருக்காரு, நல்லா பழுதும் பாத்திருக்காரு” என்றேன்.

இந்தக் கணக்கைக் காருக்கு மட்டும்தான் போட வேண்டும் என்பதில்லை. சைக்கிள், தையல் இயந்திரம், கிரைண்டர், அப்பாவின் பைக் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய பொருள் இருக்கிறது. வாங்கிய விலை, இன்றைய புதுப்பொருளின் விலை, செய்த பழுது, இப்போது கேட்கும் விலை என நான்கு எண்களை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். நாளை தங்கள் உழைப்பில் வண்டி வாங்கப்போகும் பிள்ளைகள் அவர்கள். புரோக்கர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதற்கு முன், ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம் வகுப்பிலிருந்து போகட்டும்.